கறுவல் குளிப்பாட்டுத் திட்டம், முதலாம் கட்டம்

ஆலங்குழியில் ஒருவன் தன்பாட்டில் செய்து முடிக்கக்கூடிய காரியம் என்று ஒன்று கிடையாது. மானிப்பாய்ச் சந்தியிலிருந்து சைக்கிளில் வந்தால் வியர்க்க முன்னமே வந்து சேர்ந்துவிடலாம், அவ்வளவு சின்ன ஊர். ஆனால் ஊருக்கு ஒரு சனசமூக நிலையம், நிலையத்துக்கு ஒரு தலைவர், தலைவர் பேசும்போது தலையாட்ட ஒரு நிர்வாக சபை, இவர்கள் எல்லாருக்கும் மேலே வெளிநாடு போன ஊர்க்காரரின் கனடாக் கிளை, லண்டன் கிளை. வாசிகசாலைக்குப் பேப்பர் வராமல் விட்டாலும் விடும், கூட்டம் நடக்காமல் விடாது.

இந்த நிலையத்தைப் பகைத்துக்கொண்டு ஊரில் இருக்க ஏலாது. காரணம் கதிரை. கலியாணவீடோ செத்தவீடோ, இருக்கக் கதிரையும் மேலே கட்டத் தறப்பாளும் நிலையத்திலிருந்துதான் வரவேண்டும். தலைவரோடு கொளுவிக்கொண்ட ஒருவருடைய தகப்பன் செத்தபோது, வந்த சனம் முழுக்க மதிலோரம் நின்றபடியே அழுதுவிட்டுப் போனது. நான் கண்ணால் கண்டவன். அன்றிலிருந்து தலைவர் முத்துக்குமாரு ஐயாவை வீதியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவேன்.

என் பெயர் கஜீபன். மானிப்பாயில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மனைவி கீர்த்திகா நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் கணக்குப் படிப்பிக்கிறாள். வீட்டில் மூன்றாவது ஆள் கறுவல். நாய்க்குட்டியாக மானிப்பாய் பஸ் தரிப்பிடத்தில் சனம் இருக்கும் வாங்கின் கீழே கிடந்தவன். என் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்து, நான் கேற்றைப் பூட்ட முதல் உள்ளே புகுந்து, அன்றே குசினி வாசலில் படுத்துக்கொண்டான்.

மாரி தொடங்கியதிலிருந்து கறுவலுக்குச் சொறி. இரவு பகல் என்றில்லாமல் பின்னங்காலால் பிறாண்டிப் பிறாண்டி, முதுகில் மயிர் கொட்டி, தோல் சிவந்து போனது. மணமும் வந்தது. மணம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன்.

"இஞ்சாருங்கோ, வாற ஞாயிற்றுக்கிழமை அக்கா சுவிசிலையிருந்து பிள்ளையளோடை வாறா," என்றாள் கீர்த்திகா. "வாசல்லை வைச்சு அவ மூக்கைப் பொத்தினா எண்டால் நான் செத்துப்போவன். அதுக்கு முதல் உந்த நாயின்ரை சொறியையும் மணத்தையும் ஒரு வழி பண்ணுங்கோ. இல்லாட்டி வல்வெட்டித்துறையிலை அண்ணை வீட்டை கொண்டுபோய் விடுங்கோ. அங்கை மீன்வலைக்குக் காவலுக்கு நாய் வேணுமாம்."

அவளுடைய அண்ணன் வீட்டு நாய்களை நான் கண்டிருக்கிறேன். கட்டின சங்கிலி அவிழ்வதில்லை. கறுவல் சங்கிலி என்றால் என்னவென்றே அறியாதவன்.

அன்றைக்கே அவனை மிருக வைத்தியர் தர்சினியிடம் கொண்டுபோனேன். அவர் முதுகைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் என்ன போட்டுக் குளிப்பாட்டினீங்கள்?" என்று கேட்டார்.

"மனிசியின்ரை ஷாம்பு, டொக்டர். தேங்காய்ப்பால் போட்டது. நல்ல விலை."

"அதாலைதான் தோல் காஞ்சு வெடிச்சிருக்கு. எங்கடை தோல் வேறை, உவையின்ரை தோல் வேறை. சொறிக்கெண்டு செய்த நாய் ஷாம்பு வாங்குங்கோ. முதல் மயிரை வாரிவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணியாலை நனைச்சு, வடிவா நுரைக்கப்பண்ணி, பத்து நிமிசம் ஊறவிடுங்கோ. பிறகு நுரை போகுமட்டும் கழுவித் துடையுங்கோ. காதுக்கை தண்ணி போகவிடாதேங்கோ."

"அவ்வளவுதானோ டொக்டர்?"

"அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னதை நம்பி நான் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனேன். ஹலீம் நானாவின் கடையில் நாய் ஷாம்புக்கென்றே ஒரு தட்டு இருந்தது. குட்டிக்கு ஒன்று, கிழடுக்கு ஒன்று, உண்ணிக்கு ஒன்று, தெள்ளுக்கு ஒன்று, வெள்ளை மயிர் பளபளக்க ஒன்று, பதற்றப்படும் நாயைச் சாந்தப்படுத்த ஒன்று. அந்தக் கடைசிப் போத்தலை எனக்கே வாங்கலாமோ என்று யோசித்தேன். சொறிக்கு மட்டும் மூன்று விதம்: வேப்பெண்ணெய், ஓட்ஸ், ஆஸ்பத்திரி மணம்.

"மூண்டும் சொறிக்குத்தான் தம்பி," என்றார் ஹலீம் நானா. "எந்த மணம் உங்கட நாய்க்குப் பிடிக்குமெண்டு நான் எப்படிச் சொல்றது?"

இந்த இடத்தில்தான் நான் ஆலங்குழிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய பிழையைச் செய்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் மோட்டர் வாங்கினாலும் மூக்குக்கண்ணாடி வாங்கினாலும் 'ஆலங்குழி உறவுகள்' வட்சப் குழுவில் ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குவதுதான் வழக்கம். மூன்று போத்தலையும் படம் எடுத்து, "நாய்ச் சொறிக்கு எது நல்லம்?" என்று போட்டுவிட்டேன்.

முதல் பதில் ரொறொன்ரோவிலிருந்து வந்தது. "தாயகத்தில் ஓர் உறவின் நாய் சொறிந்துகொண்டிருக்கும்போது கனடாக் கிளை கைகட்டிக்கொண்டு இராது." அடுத்தது லண்டன். "லண்டன் கிளையைக் கலந்தாலோசிக்காமல் கனடாக் கிளை தன்னிச்சையாக இரங்கியதை வன்மையாகக் கண்டிக்கிறோம்." அதற்குப் பிறகு கைகூப்பும் படங்கள், அழும் முகங்கள், யாரோ ஒருவர் இறந்துபோனதாக நினைத்து அனுப்பிய ஆழ்ந்த அனுதாபம். எந்தப் போத்தல் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் வேப்பெண்ணெய்ப் போத்தலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் விடியக் கிணற்றடியில் வெந்நீரை விளாவி வைத்து, கறுவலின் முதுகை வாரிவிட்டு, போத்தல் மூடியில் கை வைக்கிறேன், கேற்றடியில் ஸ்கூட்டர் சத்தம்.

"நிப்பாட்டும் தம்பி!"

முத்துக்குமாரு ஐயா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் செயலாளர் ஆழ்வாப்பிள்ளை. செயலாளருக்கு நிலையத்தில் முக்கியமான வேலை நன்றியுரை சொல்வது. அதில் அவரை வெல்ல வலிகாமப் பகுதியிலேயே ஆளில்லை.

"நாய் நனைஞ்சிட்டுதோ?" என்று கேட்டார் தலைவர்.

"இன்னும் இல்லை ஐயா."

இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். "உம்மடை நாயை நிலையம் பொறுப்பெடுத்திட்டுது தம்பி. கனடாவிலையிருந்து ஷாம்பு வருகுது. விழா வாற வெள்ளிக்கிழமை."

"நான் ஷாம்பு வாங்கிட்டன் ஐயா. இப்ப பத்து நிமிசத்திலை..."

"அதுதான் பிழை. உம்மைப்போல ஒவ்வொருத்தரும் தங்கடை நாயைத் தாங்களே குளிப்பாட்ட வெளிக்கிட்டால் பிறகு நிலையம் என்னத்துக்கு?"

உண்மையில் அது நல்ல கேள்வி.

"குளிச்ச நாயை வைச்சு நாங்கள் என்ன விழா செய்யிறது?" என்றார் ஆழ்வாப்பிள்ளை, வேதனையோடு.

தலைவர் என் தோளில் கைபோட்டார். "போன கிழமைதான் நிலையத்துக்குப் புதுக் கதிரை வந்தது, கேள்விப்பட்டனீரோ?" என்று சம்பந்தமே இல்லாமல் கேட்டார். சம்பந்தம் எனக்கு விளங்கியது. என் தகப்பனாருக்கு வயதாகிறது. போத்தலை மாடத்தில் வைத்தேன். கறுவல் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை குளிச்சாலும் காணும்தானே," என்றாள் கீர்த்திகா. "அக்கா ஞாயிறுதானே வாறா. ஆனால் அதுக்குப் பிந்தினால் நான் பொறுப்பில்லை. அண்ணை வான் அனுப்புறன் எண்டவர்."

அன்று பின்னேரம் விசேட பொதுக்கூட்டம். பயனாளியும் சமூகமளிக்க வேண்டும் என்று சொன்னதால் கறுவலையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசிகசாலைத் தூணோடு இருந்து அவன் சொறிய, உள்ளே அவனைப் பற்றி விவாதம் நடந்தது. நிலையத்தின் விதிகள் எழுதிய யாப்பின்படி அதன் உதவி ஆலங்குழியைப் பிறப்பிடமாகக் கொண்டவர்களுக்கு மட்டும்தானாம். கறுவலோ மானிப்பாயில் பிறந்தவன்.

"தாய் வழியிலை ஏதும் ஊர்த்தொடர்பு இருக்கோ?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"தாயைத் தெரியாது ஐயா."

"தகப்பன்?"

"அது இன்னும் தெரியாது."

சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வெளியூர் நாய்க்கு வழி திறந்துவிட்டால் நாளைக்கு சங்கானை நாய், சுன்னாகத்து நாய் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும் என்று ஒருவர் எச்சரித்தார். கடைசியில் ஆழ்வாப்பிள்ளைதான் வழி கண்டுபிடித்தார். ஆலங்குழி ஆண் நாய்கள் பொழுதுபட்டால் மானிப்பாய்ப் பக்கம் போய் வருவது ஊரறிந்த விஷயம், ஆகவே தந்தை வழியில் கறுவல் எங்கள் மண்ணின் மைந்தனாக இருக்கக்கூடும் என்றார். கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். என் நாய்க்கு ஒரு பரம்பரை கிடைத்தது. சொறி குறையவில்லை.

வியாழக்கிழமை கனடாப் போத்தல் வந்து சேர்ந்தது. யாரோ கலியாணத்துக்கு வந்தவர் பெட்டியில் கொண்டுவந்தது. அதற்குப் போட்டியாக லண்டன் கிளையும் ஒன்றை அனுப்பிவிட்டது. கனடாப் போத்தலில் ஒரு அமரரின் ஞாபகார்த்தமாக என்று தாள் ஒட்டியிருந்தது. லண்டன் போத்தலில் அதைவிடப் பெரிய தாளில் இரண்டு அமரர்கள். கனடாவினுடையது குட்டி நாய்களுக்கு. லண்டனுடையது நீண்ட வெள்ளை மயிர் உள்ள நாய்களுக்கு. கறுவல் குட்டியுமில்லை, வெள்ளையுமில்லை.

எதைத் திறப்பது? கனடாவைத் திறந்தால் லண்டன் கோபிக்கும். லண்டனைத் திறந்தால் கனடா தான் வாங்கித் தந்த ஒலிபெருக்கியைத் திருப்பிக் கேட்கும். இரண்டையும் கலக்கலாமே என்று ஒருவர் சொன்னார். இரண்டு கிளையும் தேர்த்திருவிழா விஷயத்தில் பிரிந்தவை, நாயின் முதுகில் ஒன்றுசேரச் சம்மதிக்கா என்று அவருக்கு விளக்கப்பட்டது. விவாதம் முடியாததால் விழாவையே ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார்கள். சனிக்கிழமை இரவு தீர்ப்பு வந்தது: நடுநிலை காக்கும் பொருட்டு இரண்டு போத்தலையும் திறக்காமல், வாசிகசாலைக் கண்ணாடி அலுமாரியில் கரப்பந்தாட்டக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைப்பது.

"அப்ப நாயை எதாலை குளிப்பாட்டுறது ஐயா?" என்று கேட்டேன்.

"முதல் விழா முடியட்டும் தம்பி," என்றார் தலைவர். "உதெல்லாம் சின்னச் சின்ன விஷயம்."

அன்றிரவு கீர்த்திகா கறுவலின் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி, கேற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். வல்வெட்டித்துறைக்குக் கொண்டுபோகும் சாமான்களில் அது முதலாவது என்று எனக்குத் தெரிந்தது. கோபம் வந்தது. தலைவரில் பாதி, என்னில் பாதி.

ஞாயிறு காலை வாசிகசாலை வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. இரு கிளைத் தலைவர்கள், எங்கள் தலைவர், பிரதம விருந்தினர், அமரர்கள் மூவர் என்று முகங்களாக நிறைந்திருக்க, அடியில் ஒரு மூலையில் முத்திரை அளவில் கறுவல். கீழே 'செல்வன் கறுவல் கஜீபன்' என்று போட்டிருந்தது. அச்சகத்தில் பூப்புனித நீராட்டு விழாப் பதாகையைத்தான் மாற்றிச் செய்திருக்கிறார்கள். ஓரத்தில் குத்துவிளக்கோடு நின்ற பெண்பிள்ளையை எடுக்க மறந்துவிட்டார்கள்.

நிகழ்ச்சி நிரலில் நீராட்டல் என்று ஒரு அம்சம் இருந்தது. ஆனால் மேடை முழுக்க மைக் வயர். வயரில் தண்ணீர் பட்டால் ஆபத்து என்று சவுண்ட் சேர்விஸ்காரர் சொல்லிவிட்டார். மைக்கா, தண்ணீரா என்ற கேள்வி வந்ததும் நிர்வாக சபை ஒருமனதாக மைக்கைத் தெரிவு செய்தது. தண்ணீருக்குப் பதிலாகப் பன்னீர் தெளிப்பதென்று முடிவானது.

தலைமையுரையில் முத்துக்குமாரு ஐயா ஒரு மணித்தியாலம் எடுத்தார். "பலபேர் என்னட்டைக் கேக்கினம், இவ்வளவு காலமும் தலைவராய் இருந்து என்ன செய்தனீங்கள் எண்டு. நான் சொல்லுறன், தலைவராய் இருந்தனான். அது லேசான வேலையில்லை. எத்தினை பேர் வரப் பாத்தவை, நான் விட்டனானோ?" சபை கைதட்டியது. புதுக் கதிரையில் இருந்துகொண்டு தட்டாமல் விடலாமா?

அடுத்தது பிரதம விருந்தினர் தம்பிஐயா, ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. "என்ரை கல்விக் கந்தோர் வாசல்லையும் ஒரு நாய் நிண்டது," என்று தொடங்கினார். "சேவைக்காலம் முழுக்க அது அங்கை நிண்டது. ஒருநாளாவது நான் அதைத் திரும்பிப் பாத்ததில்லை. இண்டைக்கு இந்த மேடையிலை நெஞ்சை நிமித்திச் சொல்லுவன், என்னாலை அந்த நாய்க்கு ஒரு கரைச்சலும் வந்ததில்லை. வந்த ஆசிரியர்மாருக்கும் அப்பிடித்தான். வருவினம், நிப்பினம், போவினம். ஒருத்தரையும் நான் கரைச்சல்படுத்தினது கிடையாது."

கறுவல் மேடை நடுவே ஒரு கதிரையில் இருத்தப்பட்டிருந்தான். கழுத்தில் மாலை, மாலைக்கு மேல் பொன்னாடை. பொன்னாடைக்குள்ளே அவன் சொறியப் படாத பாடு பட்டான். உடம்பு உதறியது. அதைக் கண்ட தலைவர் மைக்கைப் பிடுங்கி, "பயனாளி உணர்ச்சிவசப்படுறார்," என்று அறிவித்தார்.

பிறகு பன்னீர். விருந்தினர்கள் ஒவ்வொருவராக வந்து, பன்னீர்ச் செம்பைக் கையில் எடுத்து, கமராவைப் பார்த்துச் சிரித்து, படம் எடுத்து முடியும்வரை தெளித்தார்கள். படம் சரியாக வராதவர்கள் திரும்பவும் தெளித்தார்கள். வெடித்த தோலில் பன்னீர் பட்டதும் கறுவல் ஒரு சத்தம் போட்டான். குரைப்பு இல்லை, மெல்லிய ஒரு முனகல். தம்பிஐயா அவன் நெற்றியில் சந்தனம் வைக்கப் போக, பயந்து கதிரையோடு பின்னுக்குச் சாய்ந்தான். நான் எழும்பவில்லை. கதிரைக்குப் பயந்து கதிரையிலேயே ஒட்டிப்போய் இருந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழும்பியது கீர்த்திகா. பெண்கள் பக்கத்திலிருந்து நேரே மேடைக்கு ஏறினாள். பொன்னாடையை உருவித் தலைவரின் கையில் கொடுத்தாள். மாலையைக் கழற்றிப் பிரதம விருந்தினரின் கையில் கொடுத்தாள்.

"பிள்ளை, என்ன இது? இன்னும் நன்றியுரை இருக்கு," என்றார் தலைவர்.

"ஓம், ஆளுக்காள் சொல்லிக்கொள்ளுங்கோ. அது நோவிலை கத்துது, உங்களுக்குக் காது கேக்கேல்லையோ?"

மைக் திறந்தே இருந்ததால் மானிப்பாய் வரைக்கும் கேட்டிருக்கும். கறுவலைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவ்வளவு காலமும் அவள் அவனைத் தொட்டதே கிடையாது. அவளுடைய பட்டுச்சீலையில் பன்னீரும் சந்தனமும் சொறிப்பொருக்கும் ஒட்டியது. நான் பின்னால் ஓடினேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சீலையை மாற்றக்கூட நில்லாமல், தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நான் வெந்நீரை விளாவினேன். மாடத்தில் இருந்த வேப்பெண்ணெய்ப் போத்தலைத் திறந்தோம். அவள் காதைப் பொத்திப் பிடிக்க, நான் மெதுவாக நனைத்தேன். ஷாம்பு பட்டதும் கறுவல் முதலில் நடுங்கினான். பிறகு நுரை முதுகில் இறங்க இறங்கக் கண்ணை மூடிக்கொண்டு, கீர்த்திகாவின் முழங்காலில் தாடையை வைத்துவிட்டான்.

"பாவம், எவ்வளவு நொந்திருக்கும்," என்றாள். "டொக்டர் எத்தினை நிமிசம் ஊறவிடச் சொன்னவ?"

"பத்து."

"அப்ப பேசாமல் இருங்கோ."

அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவளுடைய அக்கா போன் எடுத்தாள். வான் ஆனையிறவு தாண்டிவிட்டதாம். நுரைக்கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீர்த்திகா சொன்னதை நான் இரண்டு காதாலும் கேட்டேன்: "அக்கா, வழியிலை எங்கையும் நிண்டு தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறுதலா வாங்கோ. எங்கடை நாய் கிணத்தடியிலை தோயுது. ஓம், சொறிதான். இனி ஒவ்வொரு கிழமையும் ஷாம்பு போட்டு வாக்கவேணும். மணத்தால் மணக்கட்டும், அது எங்கையும் போகாது." வல்வெட்டித்துறைப் பேச்சு அதோடு முடிந்தது.

நுரையைக் கழுவத் தொடங்கும்போது கேற்றடியில் ஸ்கூட்டர் நின்றது. முத்துக்குமாரு ஐயாவும் ஆழ்வாப்பிள்ளையும். பயனாளி இல்லாமல் நன்றியுரை சொன்னால் விழா செல்லாது என்று யாப்பில் இருக்கிறதாம். ஆகவே நன்றியுரையை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார்கள். நான் வாய் திறக்க முதல் ஆழ்வாப்பிள்ளை கிணற்றுக்கட்டில் ஒரு காலை வைத்து, தொண்டையைச் செருமித் தொடங்கிவிட்டார். தலைவருக்கு நன்றி, பிரதம விருந்தினருக்கு நன்றி, இரு கிளைகளுக்கும், அமரர்களுக்கும், ஒலிபெருக்கிக்கும், வாழைமரம் தந்தவருக்கும், கதிரை அடுக்கியவர்களுக்கும் நன்றி. இந்த நாயை வெற்றிகரமாகக் குளிப்பாட்டி முடித்த நிர்வாக சபைக்கு மீண்டும் ஒருமுறை நன்றி.

கறுவலின் முதுகில் நுரை பாதி நின்றது. எங்கள் வாளி வெறுமையாகிவிட்டது. நிறைத்து வைத்த மற்ற வாளி தலைவரின் காலடியில் இருந்தது.

"ஐயா, உந்தத் தண்ணியை ஒருக்கா இதுக்கு மேலை ஊத்திவிடுங்கோ," என்றாள் கீர்த்திகா. அவள் இரண்டு கையாலும் நாயின் காதுகளைப் பொத்தியிருந்தாள்.

தலைவர் வாளியைத் தூக்கினார். வேட்டியைச் சரிசெய்து, நாய்க்குப் பக்கத்தில் வந்து நின்று, வாளியைச் சற்றுச் சரித்துப் பிடித்துக்கொண்டு முகத்தை நிமிர்த்திச் சிரித்தார். அப்படியே சிறிது நேரம் நின்றார். பிறகு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

"படம் எடுக்க ஆளில்லையோ?"

"இல்லை ஐயா. ஊத்துங்கோ."

தலைவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "ஆளில்லாமல் சும்மா ஊத்தினால் ஆருக்குத் தெரியும் பிள்ளை?"

"நாய்க்குத் தெரியும்," என்றாள் கீர்த்திகா.

நான் அவர் கையிலிருந்து வாளியை வாங்கி மெதுவாக வார்த்தேன்.